நான் உலகத்தைப் பெரிதாக்கிய ஞாயிறு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, உலகத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

உலகம் முழுவதையும் அல்ல. எங்கள் ஊருக்கும் என் மகள் இருக்கும் ஊருக்கும் நடுவில் உள்ள பகுதியை மட்டும். மற்ற இடங்களில் எனக்கு வேலை இல்லை. அவை இருந்தபடியே இருக்கட்டும்.

இந்தக் காரியத்துக்கு என்னை விடத் தோதான ஆள் கிடைக்க மாட்டான். நான் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும், எத்தனை மணிக்குப் போய்ச் சேரவேண்டும், நடுவில் டிரைவர் எத்தனை நிமிடம் டீ குடிக்கலாம் என்பதெல்லாம் என் பேனா சொல்வதுதான். முப்பத்து மூன்று வருஷ சர்வீஸ். நாற்பது நிமிடத் தூரத்தை ஐம்பத்தைந்து நிமிடம் என்று எழுதி, அதற்குக் காரணமும் எழுத எனக்குத் தெரியும். ஆனால் கையெழுத்துப் போட்ட ஷெட்யூலை நான் மாற்றியதே கிடையாது. டிரைவர்கள் கெஞ்சியிருக்கிறார்கள். கண்டக்டர்கள் கண் கலங்கியிருக்கிறார்கள். மேனேஜர் மேடமே ஒரு தடவை கேட்டுப் பார்த்தார். "கையெழுத்துப் போட்டா போட்டதுதான் மேடம்" என்று சொல்லிவிட்டேன். இந்தப் பெருமையை வாரத்துக்கு இரண்டு முறையாவது வீட்டில் சொல்வேன்.

வீட்டில் நேரம் வேறு மாதிரி ஓடும். என் மனைவி தையல்காரி. முன்னறையில் ஜன்னலோரம் மிஷின். கழுத்தில் எப்போதும் அளவு டேப். மனசுக்குள் அவளைக் கன்ட்ரோலர் என்று கூப்பிடுவேன். வாய்விட்டுக் கூப்பிடும்போது "இந்தாம்மா."

"பத்து நிமிஷத்துல குளிச்சிட்டு வரேன்" என்பேன்.

"முப்பத்தஞ்சு" என்பாள், மிதிப்பதை நிறுத்தாமல்.

வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தால் முப்பத்தைந்துதான் ஆகியிருக்கும். அது எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்காக வீட்டில் எனக்குச் செல்வாக்கே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணமான முதல் வருஷம் ஒரு சட்டம் போட்டேன். இன்றைக்கும் அமலில் இருக்கிறது. அப்போது அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். இரண்டு மணி பத்து நிமிட பஸ் பயணம். போனவள் பன்னிரண்டு நாள் கழித்து வந்தாள். அந்தப் பன்னிரண்டு நாளும் வீடு வெறிச்சென்று கிடந்தது. துண்டு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஜன்னல் திரையில் தலை துவட்டினேன். நீ இல்லாமல் இருக்க முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். புது மாப்பிள்ளைக்கு வெட்கம். அதனால் டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்: 'ஒரு மணி நேரப் பயணத்துக்கு ஒரு நாள் தங்கல். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.' கையெழுத்துப் போட்டு, டிப்போ முத்திரையும் குத்திக் கொடுத்தேன்.

அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மடித்துப் பீரோவில் வைத்தாள். அடுத்த முறை போனபோது இரண்டு நாளில் திரும்பினாள். ஆனால் காலையில் வரவேண்டியவள் மத்தியானம் தாண்டித்தான் வந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"மேல பத்து நிமிஷம் இருக்குல்ல. அதுக்கு நாலு மணி நேரம் கணக்கு வருதுங்க."

காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். வந்தது.

அவள் அம்மா படுக்கையில் விழுந்தபோது மட்டும் நானே சட்டத்தை நிறுத்திவைத்து, பதினாறு நாள் அவளோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மற்றபடி முப்பது வருஷமாகச் சட்டம் ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஒரே மகள் நாலு வருஷத்துக்கு முன் வேலை கிடைத்து, கடல்களையெல்லாம் தாண்டி ஒரு ஊருக்குப் போனாள். அங்கேயே கல்யாணம் பண்ணிக்கொண்டு, அங்கேயே பிள்ளையும் பெற்றுவிட்டாள். பேத்திக்கு நாலு மாதம். தினமும் போனில் காட்டுவாள். பேத்தி போனைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொள்ளும். அதனால் என் பேத்தியின் முகத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த பகுதி மூக்குத் துவாரம் இரண்டும்தான். அழகான துவாரங்கள். என் ஜாடை.

சனிக்கிழமை மகள் போனில் சொன்னாள்: "அம்மா, இந்த மாசக் கடைசியில வந்துடுங்க. அப்பாவையும் கூட்டிட்டு வாங்க."

நான் காதில் விழாதவன் மாதிரி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எனக்கு விமானம் என்றால் பயம். முப்பத்து மூன்று வருஷம் சக்கரத்தோடு பழகியவன். பிரேக் பிடிக்காவிட்டால் மரத்திலாவது மோதி நிற்கலாம் என்கிற நம்பிக்கையில் வாழ்ந்தவன். மேலே மரம் ஏது? இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. டிப்போவில் எனக்குச் சிங்கம் என்று பெயர்.

சரி, அவளை மட்டும் அனுப்பலாம் என்றால் அதுவும் முடியாது. திரைச்சீலையில் தலை துவட்டுவதை மனுஷன் ஒரு தடவைதான் செய்யலாம். ஆக, நானும் போகக் கூடாது, அவளும் போகக் கூடாது. மகள்தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கே வரவேண்டும். அதற்கு ஒரே வழி, பயண நேரத்தைக் கேட்டதும் கன்ட்ரோலர் தானாகவே "வேணாங்க" என்று சொல்லவேண்டும்.

நேரமும் தோதாக இருந்தது. ஒரு மாதமாக வீட்டில் நல்ல சமாதானம். அவளாகவே என்னை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய்ப் போட்டோகூட எடுக்க வைத்தாள். "உங்க போட்டோ ஒண்ணு நல்லதா இல்லைங்க" என்றாள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. சிரிக்கப் போனேன். "சிரிக்காதீங்க, காது ரெண்டும் தெரியட்டும்" என்றாள். அதே வாரம் ஏதோ இன்ஷூரன்ஸ் என்று நாலைந்து காகிதம் நீட்டினாள். டிப்போவில் ஒவ்வொரு காகிதத்தையும் இரண்டு தடவை படிப்பவன் நான். வீட்டில் படித்து என்ன ஆகப் போகிறது? சாக்பீஸால் அவள் தொட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஞாயிறு காலை, மகளின் பழைய அறைச் சுவரில் தொங்கிய உலக வரைபடத்துக்கு முன்னால் போய் நின்றேன். கையில் மர ஸ்கேல், காதில் பென்சில்.

"இந்தாம்மா, இங்க கொஞ்சம் வா. பயணத்தைப் பத்திப் பேசலாம்."

வந்தாள். வாயில் இரண்டு குண்டூசி. அவற்றை எடுத்து ரவிக்கையில் குத்திக்கொண்டாள்.

"இது நம்ம ஊர். அது மக ஊர். பாத்துக்க." ஸ்கேலை வைத்து நீளமாக ஒரு கோடு போட்டேன். "பதிமூணாயிரம் கிலோமீட்டர்."

"அவ்வளவா?"

"பூமி என்ன நம்ம தெருவா?"

"விமானம் எவ்வளவு வேகத்துல போகும்?"

"ஐநூறு."

"தொள்ளாயிரம்னு பொண்ணு சொன்னாளே."

"அது மீட்டர்ல காட்டுறது. ஷெட்யூல் போடுறவன் சராசரிதான் எடுப்பான். ஏறும்போது மெதுவாத்தான் ஏறும். இறங்கும்போது மெதுவாத்தான் இறங்கும். நடுவுல மேகம் குறுக்க வரும்."

"மேகம் வந்தா நிப்பாட்டுவாங்களா?"

"ஸ்லோ பண்ணுவாங்க."

"ஓ" என்றாள். முகத்தில் ஒரு மரியாதை தெரிந்தது. எனக்கு உற்சாகம் பொங்கியது.

"பதிமூணாயிரத்தை ஐநூறால வகுத்தா இருபத்தாறு மணி நேரம். ஆகாயத்துல மட்டும். அவ்வளவு நேரம் ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கணும். நெனச்சுப் பாத்தியா?"

"நெனச்சுப் பாக்குறேன்." யோசித்தாள். "நான் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் மிஷின் முன்னாடி உட்கார்ந்திருக்கேன். கால் மிதிக்குது, கை தள்ளுது, கண்ணு எரியுது. அங்க சும்மா உட்காரணும், அவ்வளவுதானே?"

"சும்மாதான். ஆனா..."

"சாப்பாடு?"

"குடுப்பாங்க."

"நம்ம இடத்துக்கே கொண்டு வந்தா?"

"ஆமா."

"பாத்திரம்?"

"அவங்களே எடுத்துட்டுப் போயிடுவாங்க."

கன்ட்ரோலர் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியைக் கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை. ஆபத்து என்று உள்ளே மணி அடித்தது. அகலக்கால் வைத்துவிட்டேன், இனி ஓடித்தான் ஆகவேண்டும்.

"அதோட முடிஞ்சுதா? இங்கேருந்து விமான நிலையத்துக்கு ரெண்டு மணி. அங்க போய் மூணு மணி நேரம் காத்துக் கிடக்கணும். நடுவுல ஒரு ஊர்ல இறக்கிவிட்டு அஞ்சு மணி நேரம் உட்கார வைப்பாங்க. போய் இறங்கினா வரிசை ஒரு மணி. பெட்டி வர ஒரு மணி. கூட்டிக்க."

"பன்னண்டு."

"இருபத்தாறும் பன்னண்டும்?"

"முப்பத்தெட்டு."

"முப்பத்தெட்டு மணி நேரம்மா. கால் வீங்கும். காது அடைக்கும். குலுக்குற குலுக்கல்ல குடல் வாய்க்கு வரும். உன் உடம்பு தாங்குமா? எனக்கு உன் மேல அக்கறை இருக்கு, அதான் சொல்றேன்."

அவள் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள். பழம் நழுவிப் பாலில் விழப்போகிறது என்று நினைத்தேன்.

"இதெல்லாம் பொண்ணுக்கு எங்க தெரியுது? வா வான்னு கூப்பிடுறா. நீங்க ஒண்ணு பண்ணுங்க. இப்ப சொன்னதை அப்படியே ஷெட்யூல் மாதிரி எழுதிக் குடுங்க. படம் புடிச்சு அனுப்புறேன். அவளுக்கும் நம்ம கஷ்டம் புரியட்டும்."

"இப்பவே எழுதுறேன்."

"கையெழுத்தும் போட்டுடுங்க. இல்லேன்னா நம்பமாட்டா."

கையெழுத்தென்ன? பழைய டிப்போ முத்திரை ஒன்று வீட்டில் கிடந்தது. அதையும் ஊதி ஊதிக் குத்தினேன். 'மொத்தப் பயண நேரம்: முப்பத்தெட்டு மணி.' எழுத்திலும் எழுதினேன், எண்ணிலும் எழுதினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது கையெழுத்துப் போடத் தெரியாது.

அவள் அதை வாங்கி மை காய ஆட்டினாள். பீரோவைத் திறந்தாள். அடித்தட்டில் விரித்திருந்த துணிக்குக் கீழே கையை விட்டு, மஞ்சளடித்துப்போன ஒரு காகிதத்தை எடுத்தாள். டிரிப் ஷீட். பின்பக்கம் என் கையெழுத்து. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ரவிக்கையிலிருந்த குண்டூசியை எடுத்துக் குத்தினாள்.

"ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாள்" என்று வாசித்தாள். "கூடவும் கூடாது, குறையவும் கூடாது. முப்பத்தெட்டு மணிக்கு முப்பத்தெட்டு நாள். ரொம்ப நன்றிங்க. நான் பத்துப் பதினஞ்சு நாள்தான் விடுவீங்கன்னு பயந்துட்டிருந்தேன்."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். முப்பத்தெட்டு நாள். பன்னிரண்டு நாளுக்கே ஒரு திரைச்சீலை போயிற்று. இந்த வீட்டில் மொத்தமே நாலு ஜன்னல்தான்.

மனுஷனுக்கு ஆபத்தில்தான் மூளை வேலை செய்யும். பரணில் மகளின் பள்ளிக்கூடத்து பூமி உருண்டை இருந்தது ஞாபகம் வந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி இறக்கினேன். தூசி தட்டினேன்.

"இந்தாம்மா, அவசரப்படாத. சுவத்துல இருக்கிற படம் தட்டை. பூமி உருண்டை. தட்டையில அளந்தது தப்பு. டேப்பைக் குடு."

டேப்பை உருண்டையின் மேல் வைத்தேன். வழுக்கியது.

"அப்படி இழுக்காதீங்க" என்றாள். "தோள்பட்டை அளவு எடுக்கிற மாதிரி வளைவோட ஒட்டிப் புடிக்கணும். பக்கவாட்டுல போகாதீங்க. மேல் பக்கமா, வடக்கே ஏத்திக் கொண்டு போங்க. வளைஞ்ச உடம்புல சுத்திப் போறதுதான் குறுக்கு வழி."

அவள் ஒரு முனையைப் பிடித்தாள். நான் மறுமுனையைப் பிடித்தேன். எட்டேகால் அங்குலம். உருண்டையின் அடியில் போட்டிருந்த அளவை வைத்துப் பெருக்கினேன். ஒன்பதாயிரம் கிலோமீட்டர்கூட இல்லை.

"பாத்தியா? ஒம்பதாயிரத்துக்கும் கம்மி. வேகம் எண்ணூறுன்னே வச்சுக்க. பதினோரு மணி நேரம். காலையில ஏறினா அன்னைக்கே போயாச்சு. பக்கத்துத் தெரு மாதிரிதான்."

"பதினோரு மணி பத்து நிமிஷம்" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பொண்ணு போனாளே அன்னைக்கு. அவ விமானம் ஏறினதுலேருந்து இறங்கிட்டேன்னு போன் பண்ற வரைக்கும் நான் கடிகாரத்தைத்தான் பாத்துட்டிருந்தேன். நீங்களும்தான். பேப்பரைத் தலைகீழாப் புடிச்சுப் படிச்சிட்டிருந்தீங்க."

அந்த நாளைப் பற்றி நாங்கள் அதுவரை பேசியதே இல்லை. தலைகீழாகப் பிடித்தது எனக்குத் தெரியாது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள் போலிருக்கிறது. எனக்குத் தெரியாதுதான்.

"சரி, அந்தப் பத்து நிமிஷத்தையும் சேத்துக்க" என்றேன். "பதினோரு நாள், மேல நாலு மணி நேரம். போயிட்டு வந்துடு."

"கால் வீங்கும்னீங்களே?"

"பதினோரு மணி நேரத்துல எங்க வீங்கும்? எந்திரிச்சு நடந்துட்டு வரலாம்."

"காது அடைக்கும்னீங்க."

"மிட்டாய் தருவாங்க. சப்பினா சரியாப் போயிடும்."

"குலுக்கல்?"

"நம்ம நாப்பத்தேழாம் நம்பர் வண்டியில பாதிகூட இருக்காது."

"அப்ப பயப்பட ஒண்ணும் இல்ல?"

"சின்னக் குழந்தைகூட ஏறும்."

கன்ட்ரோலர் உருண்டையைத் துடைத்து மேஜை மேல் வைத்தாள். டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப நீங்களும் வாங்க."

எல்லாப் பக்கக் கதவையும் நானே சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. தூரம் அதிகம் என்றால் அவள் முப்பத்தெட்டு நாள் வீட்டில் இருக்கமாட்டாள். தூரம் குறைவு என்றால் நான் போகாமலிருக்கக் காரணம் கிடையாது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்பவர்கள் உண்டு. நான் அளவெடுத்து வைத்துக்கொண்டவன்.

"டிப்போவுல லீவு..." என்று இழுத்தேன்.

"வேணாம்னா விடுங்க. நான் மட்டும் போறேன். முப்பத்தெட்டு நாள்தானே? துண்டு பீரோவுல ரெண்டாவது தட்டு."

"வரேன்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. "ஆனா பதினோரு நாள்தான்."

அவள் குண்டூசி குத்திய காகிதத்தை என் மூக்குக்கு நேரே பிடித்தாள். "முப்பத்தெட்டுக்குத்தான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. மாத்தணுமா?"

முப்பத்து மூன்று வருஷப் பெருமை. டிரைவர்கள் கெஞ்சியும் மாறாத பேனா. மாற்ற வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அவள் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பேத்திக்கு மூக்குக்கு மேல கண்ணும் இருக்குங்க. வந்து பாருங்க" என்றாள். பயம் போகவில்லை. ஆனால் அந்தக் கண்ணைப் பார்க்கவேண்டும் என்று ஆசையும் வந்துவிட்டது. இரண்டும் வயிற்றுக்குள் ஒரே சீட்டுக்குச் சண்டை போட்டன.

மறுநாள் டிப்போவுக்குப் போனதும் மேனேஜர் மேடத்தின் அறைக்குப் போனேன். கையில் லீவு லெட்டர். உள்ளுக்குள் கடைசியாக ஒரு நப்பாசை. மேடம் கறாரானவர். என்னைப் போன்ற ஆளை முப்பத்தெட்டு நாள் விட்டுவிட்டு டிப்போ நடக்காது. அவர் முடியாது என்று சொல்லிவிட்டால் குற்றம் என் மேல் இல்லை.

மேடம் லெட்டரை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாதவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"இது எதுக்கு மறுபடியும்? போன மாசமே குடுத்துட்டீங்களே."

ஃபைலைத் திறந்து காட்டினார். லெட்டர் கன்ட்ரோலர் கையெழுத்தில் இருந்தது. கீழே என் கையெழுத்து. ஓரத்தில் சாக்பீஸ் தூள். இன்ஷூரன்ஸ்.

"என் கோட்டுக்கு அளவெடுக்க உங்க வீட்டுக்கு வந்தேன்ல, அப்ப குடுத்தாங்க. உங்க விசா பேப்பரும் அன்னைக்குத்தான் அனுப்பினாங்க. போட்டோவுல காது ரெண்டும் நல்லாத் தெரிஞ்சுது."

"எத்தனை நாள்னு போட்டிருக்கு மேடம்?"

"நாப்பது."

எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. கன்ட்ரோலரும் ஒரு இடத்தில் தப்பு விட்டிருக்கிறாள். "முப்பத்தெட்டுதானே மேடம் வரணும்?"

"முப்பத்தெட்டுதான். பதினோரு மணி நேரப் பயணத்தை நீங்க எப்படியும் கிட்டத்தட்ட மூணரை மடங்கு ஆக்கி முப்பத்தெட்டுன்னு எழுதிக் குடுப்பீங்கன்னு சொன்னாங்க. குளிக்கப் போற கணக்காம். மேல ரெண்டு நாள் எதுக்குன்னு நானும் கேட்டேன்."

"என்ன சொன்னா?"

மேடம் ஃபைலை மூடினார்.

"திரும்பி வந்து இறங்கினதும், சிங்கத்துக்குப் பயம் தெளியணுமாம்."